தர்பூசணிக் கொடியில் ஒருபாற்பூக்கள்

ஒருபாற்பூக்களைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவதைவிடத் தர்பூசணிக் கொடியில் காட்டுவது எளிது. வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்த இக்கொடியின் தாயகம் ஆப்பிரிக்கா. நல்ல வெயிலும் நீர் தேங்காத மணற்பாங்கான மண்ணும் வேண்டும். மண்ணின் கார அமில நிலை 6 முதல் 7 வரை இருப்பது நல்லது. தை மாதத்தில் விதை ஊன்றினால் ஆண்டுத் தேர்வுக்கு முன்பே பூத்துவிடும்.

முதலில் மலர்பவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிர்வதைக் கண்டு, ‘செடி கெட்டுப்போச்சு சார்’ என்று மாணவர்கள் வந்து நிற்பார்கள். உடனே விளக்கம் சொல்லிவிட வேண்டாம். சில நாள்களில் பெண் பூ வரும்; அதன் இதழ்களுக்குக் கீழே சுண்டைக்காய் அளவில் மயிர் அடர்ந்த பிஞ்சு ஒன்று இருக்கும். அதுவே கீழ்மட்டச் சூற்பை. ‘பூ விரியும்போதே காயா?’ என்று ஒரு குழந்தையாவது கேட்கும். பாடத்தை அங்கே தொடங்கலாம்.

பூவின் வாழ்வு ஒரு நாள்தான். காலையில் விரிந்து பிற்பகலில் மூடிக்கொள்ளும். மகரந்தம் பிசுபிசுப்பானது என்பதால் காற்று உதவாது, தேனீதான் சுமக்க வேண்டும். போதிய மகரந்தம் சேராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும், அல்லது காய் கோணலாகும். காலை வேளையில் பூச்சிமருந்து தெளிப்பது விளைச்சலைக் கெடுப்பதும் இதனால்தான். தேனீ வராத தோட்டத்தில், காலை வழிபாடு முடிந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, பெண் பூவின் சூலகமுடியில் மெல்லத் தடவச் சொல்லுங்கள். விரியப்போகும் வேறொரு பெண் பூவை முந்தைய மாலையே மெல்லிய துணியால் மூடிக் கட்டிவைத்தால், ஒரு வாரத்தில் இரண்டையும் ஒப்பிடலாம்.