கறுப்பு கோட்டைக் கழற்ற வேண்டுமா?

மனைவிக்கு அமெரிக்காவில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. புதுக்கோட்டை கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் நான், அங்கே போனால் கறுப்பு கோட்டைக் கழற்ற வேண்டியதுதானா?
– வாசகர், அறந்தாங்கி

கழற்றுங்கள், ஆனால் பெட்டியில் பத்திரமாக வையுங்கள். சிறுவயதில் பீடி சுற்றிய காசர்கோடு வக்கீல் சுரேந்திரன் கே. பட்டேலும் 2007-இல் நர்ஸ் மனைவியோடு ஹூஸ்டன் போனவர்தான். முதலில் மளிகைக் கடை வேலை. பிறகு டெக்சாஸில் வக்கீல் ஆவதற்கான பார் தேர்வு, எல்எல்.எம். பட்டம், 2017-இல் குடியுரிமை. 2023 ஜனவரியில் டெக்சாஸின் ஃபோர்ட் பெண்ட் கவுன்டியில் நீதிபதி! பார் தேர்வு விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மனைவிக்கு எந்த மாநிலத்தில் வேலை என்று முதலில் பாருங்கள். கிளம்புமுன் பார் கவுன்சில் நற்சான்றை வாங்கிவிடுங்கள். நீதிபதி ஆசையும் இருந்தால், டெக்சாஸில் பெரும்பாலான நீதிபதிகளை மக்கள்தான் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சிக்காரர்களைச் சமாளித்த உங்களுக்கு வாக்காளர்கள் எம்மாத்திரம்!