கணக்குப் பார்க்கிறோம், நம்மைப் பார்க்கிறோமா?



காலையில் ரமணாசிரமத்துக்கு எதிரே செங்கம் ரோட்டில் நின்றால், தோளில் துணிப்பையோடு வெளிநாட்டுக்காரர்கள் நடந்து போவதைப் பார்க்கலாம். பூக்கட்டும் நம் உறுப்பினர்களுக்கும் இளநீர் விற்கும் உறுப்பினர்களுக்கும் இது பழகிப்போன காட்சி. "இவ்ளோ தூரம் பிளேன் ஏறி வந்து சும்மா உட்காந்துட்டுப் போறாங்களே, எதுக்கு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். 'நான் யார்?' என்ற ஒரே கேள்விக்காக வருகிறார்கள் என்று பெரியவர்கள் பதில் சொல்வார்கள். அந்தப் பெயரில் உள்ள சின்ன நூலே கேள்வி பதிலாகப் பிறந்ததுதான். 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் கேள்வி கேட்க, அப்போது பேசாமல் இருந்த ரமணர் எழுதிக் காட்டிய பதில்கள் அவை.

இப்போது நம் தெருப் பிள்ளைகளும் பிளேன் ஏறுகிறார்கள். எங்கள் குழு உறுப்பினர் ஒருவரின் மகள், கல்விக்கடன் வாங்கி வெளிநாட்டில் எம்.பி.ஏ. படித்தாள். லீவுக்கு வந்தவள் ஒரு சனிக்கிழமை அம்மாவோடு எங்கள் கூட்டத்தில் வந்து உட்கார்ந்தாள். வட்டமாகப் பாய் விரித்து, வருகை எடுத்து, சேமிப்பு வாங்கி, உள்கடன் தவணை எழுதினோம். எல்லாம் முடிந்ததும், "இதே மாதிரி வட்டமா எங்களையும் உட்கார வைக்கிறாங்க ஆன்ட்டி. ஆனா அங்க பணத்தைப் பத்திப் பேச மாட்டோம், எங்களைப் பத்திப் பேசுவோம்" என்றாள். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை லட்சம் கட்டி வம்பு பேசவா போனாய் என்று ஒரு அக்கா கேட்டே விட்டார்.

அவள் சிரிக்கவில்லை. முதல் பருவம் முடிந்தபோது, உடன் படிக்கும் ஐந்து பேர் அவளைப் பற்றி அவள் முகத்துக்கு நேரே சொன்னதை எங்களிடம் சொன்னாள். "நீ எல்லாத்துக்கும் சரின்னு தலையாட்டுற. அப்புறம் பாதி வேலைய செய்யறதில்ல. உன் மனசுல உள்ளது எங்களுக்குத் தெரியல. உன்ன நம்பலாமா வேணாமான்னும் தெரியல" என்றார்களாம். அன்றைக்கு இரவெல்லாம் அழுதிருக்கிறாள். அவள் நினைத்தது மரியாதை. எதிர்த்துப் பேசாதே, பெரியவங்க சொன்னா சரின்னு சொல்லு என்றுதானே நாம் வளர்த்தோம்? அங்கே அது பொய்யாகப் போய்விட்டது. அவளுடைய அம்மா பாயின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அன்று முழுக்க அவர் எதுவும் பேசவில்லை.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தோம். அதுவே இந்த மாதப் பாடம்.

கதவோரம் நின்ற பெண்

1946-ஆம் ஆண்டு கோடைக்காலம். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் என்ற ஊரில் இரண்டு வாரப் பயிற்சி முகாம் நடந்தது. ஆசிரியர்கள், சமூகப் பணியாளர்கள் என்று பலர் வந்திருந்தார்கள். வெவ்வேறு இனத்து மக்கள் சண்டையில்லாமல் வாழ ஊருக்கு ஊர் என்ன செய்யலாம் என்பதே பேச்சு. முகாமை நடத்தியவர்களில் முக்கியமானவர் கர்ட் லெவின். ஜெர்மனியில் யூதர்களுக்கு எதிரான கொடுமை தொடங்கியபோது நாட்டை விட்டு வந்த உளவியல் பேராசிரியர் அவர்.

பகலில் பயிற்சி நடக்கும். இரவில் பயிற்சியாளர்கள் மட்டும் கூடி, இன்று யார் எப்படிப் பேசினார், எந்த இடத்தில் குழு தடுமாறியது என்று குறிப்பை வைத்துப் பேசுவார்கள். ஒரு நாள் இரவு பயிற்சிக்கு வந்தவர்களில் சிலர், நாங்களும் உட்கார்ந்து கேட்கலாமா என்று கேட்டார்கள். மற்ற பயிற்சியாளர்கள் தயங்கினார்கள். லெவின் உள்ளே வரச் சொல்லிவிட்டார். அன்று ஒரு பயிற்சியாளர், வந்திருந்த பெண்களில் ஒருவர் பகலில் எப்படி நடந்துகொண்டார் என்று விவரித்துக் கொண்டிருந்தார். அந்தப் பெண் குறுக்கிட்டு, அப்படி இல்லை, நடந்தது வேறு என்று தன் பக்கத்தைச் சொன்னார். அறையில் பரபரப்பு உண்டானது. லெவினுக்கோ ஒரே சந்தோஷம். ஒருவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் பேசுவதைவிட, அவரையும் வைத்துக்கொண்டு பேசினால் இரு பக்கத்துக்கும் கண் திறக்கிறது என்று அன்று புரிந்தது. அடுத்தடுத்த இரவுகளில் மற்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

நமக்கு இதில் பிடித்த விஷயம், அதைத் தொடங்கி வைத்தது ஒரு பெண் சொன்ன மறுப்பு என்பது. அவர் வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் அன்றைய கூட்டம் வழக்கம்போல் முடிந்திருக்கும்.

லெவின் 1947 பிப்ரவரியில் காலமாகிவிட்டார். அவருடன் இருந்தவர்கள் அதே ஆண்டு மெய்ன் மாநிலத்தின் பெத்தேல் என்ற ஊரில் இந்தப் பயிற்சியைத் தொடர்ந்து நடத்தினார்கள். மின்சார, இயந்திர வேலைக்காரர்களிடம் இருந்த 'ஃபீட்பேக்' என்ற சொல்லை எடுத்து இதற்கு வைத்தார்கள். நம் பயிற்சிகளில் 'பின்னூட்டம்' என்று சொல்வது இதைத்தான். பிறகு வணிகம் சொல்லித்தரும் கல்லூரிகள் இதைப் பிடித்துக்கொண்டன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகளாக இதற்கென்றே ஒரு பாடம் நடக்கிறது. பன்னிரண்டு பேர் ஒரு குழு. நம் குழு அளவுதான், பாருங்கள்! எதிரில் இருப்பவர் பேசியது தன்னை எப்படித் தொட்டது என்று அவரிடமே சொல்லிப் பழகுவது அங்கே பாடம்.

சென்னையிலிருந்து போனவர்

பெப்சி நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் 2006 முதல் 2018 வரை இருந்த இந்திரா நூயியை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். 1955-ல் சென்னையில் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் கல்கத்தா ஐ.ஐ.எம்.மிலும் படித்து, இங்கேயே சில காலம் வேலை பார்த்துவிட்டு, 1978-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு மேலாண்மை படிக்கப் போனார். அதுவும் கனெக்டிகட் மாநிலமே. அந்தக் கல்லூரி தொடங்கி அப்போது இரண்டே வருஷம். அரசு வேலைக்குப் போகிறவர்களையும் தனியார் துறைக்குப் போகிறவர்களையும் ஒன்றாக உட்கார வைத்துப் படிப்பித்தார்கள். தனி மனிதரும் குழுவும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது அங்கே எல்லோரும் படிக்க வேண்டிய பாடம். 1988-ல் புதிதாக வந்த தலைவர் அந்தத் துறையை ஒழித்தபோது பழைய மாணவர்கள் கொதித்துப் போனார்கள் என்றால், அந்தப் பாடம் அவர்களுக்கு எவ்வளவு முக்கியமாக இருந்தது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கைச்செலவுக்காக நள்ளிரவு முதல் விடியற்காலை வரை வரவேற்பு மேசையில் வேலை பார்த்தார் நூயி. வேலைக்கான நேர்காணல் வந்தது. கையிலிருந்த 50 டாலருக்கு ஒரு கோட்டும் பேண்ட்டும் வாங்கினார். இரண்டும் அளவு சரியில்லை. மற்ற மாணவர்கள் கச்சிதமாக உடுத்தி நின்ற இடத்தில் கூனிக் குறுகிப் போனார். வேலைவாய்ப்புக்குப் பொறுப்பாக இருந்த பெண் அதிகாரியிடம் அழுதுகொண்டே போனார். அந்த அம்மா ஆறுதல் சொல்லி அனுப்பவில்லை. இந்தியாவில் நேர்காணலுக்கு என்ன உடுத்துவாய் என்று கேட்டார். புடவை என்றதும், அடுத்த நேர்காணலுக்கு அதையே உடுத்திக்கொண்டு போ என்றார். அப்படியே போனார், வேலை கிடைத்தது. இதைப் பல மேடைகளில் அவரே சொல்லியிருக்கிறார்.

புடவை கட்டினால் வேலை கிடைக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. எது தன்னிடம் ஒட்டவில்லை என்று அவருக்கே சரியாகப் பிடிபடாத நேரத்தில், எதிரில் நின்ற ஒருவருக்குத் தெரிந்தது. தெரிந்ததை அவர் மறைக்காமல் சொன்னார்.

நாலு கட்டம்

ஊக்குநர், பிரதிநிதி பயிற்சிக்குப் போனவர்களுக்கு 'ஜோஹாரி ஜன்னல்' ஞாபகம் இருக்கும். யாரோ ஜோஹாரி என்ற அம்மா கண்டுபிடித்தது என்றுதான் நாங்கள் ரொம்ப நாள் நினைத்திருந்தோம். ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1955-ல் வரைந்தது அது. ஜோவையும் ஹாரியையும் சேர்த்து ஜோஹாரி ஆக்கினார்கள்.

ஜன்னலில் நாலு கட்டம். என்னைப் பற்றி எனக்கும் தெரிந்து மற்றவருக்கும் தெரிந்தது ஒன்று. மற்றவருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதது இன்னொன்று. தலையாட்டிய அந்தப் பெண்ணின் கதை இந்தக் கட்டத்தில் வரும். எனக்கு மட்டும் தெரிந்து நான் மறைத்து வைத்திருப்பது மூன்றாவது. யாருக்குமே தெரியாதது நாலாவது. அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. மற்றவர் சொல்லச் சொல்ல இரண்டாவது கட்டம் சுருங்கும். நாம் மனம் திறக்கத் திறக்க மூன்றாவது சுருங்கும். முதல் கட்டம் பெரிசாகும்.

படத்தை நோட்டில் வரைந்து பத்திரமாக வைத்துவிட்டோம். அவ்வளவுதான் செய்தோம்.

எங்கள் குழுவில் நடந்தது

இதை எழுதலாமா என்று யோசித்தோம். சம்பந்தப்பட்டவரே எழுதச் சொன்னதால் எழுதுகிறோம்.

எங்கள் உறுப்பினர் ஒருவர் பௌர்ணமி தோறும் கிரிவலப் பாதையில் டிபன் கடை போடுபவர். உள்கடன் வாங்கி நாலு தவணை ஒழுங்காகக் கட்டினார். பிறகு கூட்டத்துக்கு வரவில்லை. மூன்று வாரம் பார்த்தோம், அபராதம் போட்டுத் தீர்மானம் எழுதினோம். ஐந்தாவது வாரம் இரண்டு பேர் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று சத்தமாகக் கேட்டுவிட்டு வந்தார்கள். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் கேட்டது. பிறகுதான் தெரிந்தது, வீட்டுக்காரர் வைத்தியத்துக்காகத் தண்டல்காரரிடம் தினவட்டிக்குப் பணம் எடுத்து, அதைக் கட்டவே சம்பாத்தியம் போய்க்கொண்டிருந்தது. குழுவில் அப்போது கடன் கொடுக்கப் பணம் இருந்தது. எங்களிடம் கேட்டிருந்தால் தந்திருப்போம்.

ஏன் கேட்கவில்லை என்று பல தடவை கேட்டோம். கடைசியில் சொன்னார். "சேந்த புதுசுல தீர்மானம் படிக்கச் சொன்னீங்க. எழுத்துக்கூட்டிப் படிச்சேன். எல்லாரும் சிரிச்சீங்க. அன்னிலேருந்து அந்தப் பாயில உக்காந்தாலே எனக்கு வாய் வரல." சிரித்தது எங்களில் யாருக்குமே ஞாபகம் இல்லை. ஏழு வருஷம் வாரம் தவறாமல் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறோம். ரூபாய் பைசா வரை கணக்குச் சரி, தரம் பிரித்தலில் நல்ல மதிப்பெண். இது மட்டும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

எப்படிச் செய்வது?

மாதத்தில் ஒரு கூட்டத்தில், கணக்கெல்லாம் முடித்த பின் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒருவரைப் பற்றிப் பேசினால் போதும். அவராக முன்வர வேண்டும், சீட்டுக் குலுக்கி எடுக்காதீர்கள். முதலில் அவர், போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் தன்னிடம் என்ன மாறியிருக்கிறது என்று சொல்லட்டும். தனியாக வங்கிக்குப் போய்ச் செல்லான் நிரப்பினேன் என்பது போன்ற சின்ன விஷயமாக இருக்கலாம். பிறகு மற்றவர்கள் தாங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும். "நீ திமிர் பிடிச்சவ" என்பது பட்டம் கட்டுவது. "போன வாரம் நான் பேசும்போது ரெண்டு தடவை குறுக்கே பேசின, எனக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்பது பார்த்ததைச் சொல்வது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஊக்குநர் முதலில் இரண்டு மூன்று உதாரணம் வைத்துப் பழக்கிவிடுங்கள். இது வராவிட்டால் கூட்டம் குழாயடிச் சண்டையாகிவிடும். நாத்தனார், மருமகள் என்று உறவுக்காரர்கள் ஒரே குழுவில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வீட்டுக் கதை கூட்டத்துக்குள் வரக்கூடாது.

கேட்பவர் உடனே பதில் சொல்லாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். சொன்னதெல்லாம் உண்மை என்று ஏற்க வேண்டியதில்லை. நியூ பிரிட்டன் பெண்ணைப் போல, எல்லோரும் முடித்ததும் "அப்படி இல்லை" என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. கடன் பாக்கியை இந்தக் கால் மணியில் எடுக்காதீர்கள். பேசியது எதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதக் கூடாது, வெளியில் சொல்லவும் கூடாது.

எங்கள் குழுவில் முதல் நாள் ஊக்குநர்தான் நடுவில் உட்கார்ந்தார். பத்து நிமிஷம் யாரும் வாய் திறக்கவில்லை. "அக்கா, நீங்களே கேள்வி கேட்டு நீங்களே பதிலும் சொல்லிடறீங்க" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் எழுந்து போகவில்லை.

டிபன் கடை அக்கா இப்போது கூட்டத்துக்கு வருகிறார். இன்னும் இரண்டு தவணை பாக்கி. போன மாதம் தீர்மானம் படிக்க யார் என்று கேட்டபோது அவரே கையை நீட்டி நோட்டை வாங்கினார். படித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.