கணினிக் குப்பையைக் களைவோம், ஆவணங்களைக் காப்போம்

முன்னாளில் தோட்ட அலுவலகத்தில் மட்டுமே காணப்பட்ட கணினி, இன்று தொழிலாளர் இல்லங்களிலும் இடம்பெற்றுள்ளது. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு மடிக்கணினி வாங்கிய பெற்றோர் பலர். ஆண்டுகள் சில கடந்த பின்னர், ‘வட்டில் இடம் போதவில்லை’ என்னும் அறிவிப்பு அக்கணினிகளின் திரையில் தோன்றுவது இயல்பே.

அவ்வறிவிப்பைக் கண்டதும் கைக்கு எட்டியதையெல்லாம் அழித்துவிடுவோர் உளர். ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கை, பிள்ளையின் பிறப்புப் பத்திரப் படி, மறைந்த பெரியவர்களின் புகைப்படம், இன்று இல்லாமற் போன பழைய லயத்தின் படம் ஆகியவையும் குப்பையோடு குப்பையாகப் போய்விடக்கூடும். எதை அழிக்கலாம், எதை அழிக்கலாகாது என்று பிரித்தறியக் கற்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

தற்காலிகக் கோப்பு என்பது யாது?

பால் நிறுக்கும் இடத்தில் எடையைத் துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு, பின்னர்க் கணக்குப் புத்தகத்தில் பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். பதிவு முடிந்தபின் துண்டுத் தாள் தேவையில்லை. ஆனால், பதிவு செய்யுமுன் அதனைக் கிழித்தெறிந்தால் அன்றைய கணக்கே போய்விடும்.

கணினியும் இவ்வாறே நடந்துகொள்கிறது. ஒரு மென்பொருளை நிறுவும்போதும், இணையப் பக்கத்தைத் திறக்கும்போதும், கட்டுரை தட்டச்சு செய்யும்போதும் அது தன் வசதிக்காகச் சில குறிப்புகளைத் தனியே எழுதி வைத்துக்கொள்கிறது. இவையே தற்காலிகக் கோப்புகள். வேலை முடிந்ததும் இவை நீக்கப்பட வேண்டும். ஆயினும் மின்சாரம் திடீரென நின்றாலோ, மென்பொருள் இடையில் முடங்கினாலோ பல கோப்புகள் அப்படியே தங்கிவிடுகின்றன. நாளடைவில் இவை பல கிகாபைட் அளவுக்குப் பெருகுதலும் உண்டு. ஒரு கிகாபைட் என்பது 1024 மெகாபைட் ஆகும்.

விண்டோஸ் 11 இயங்குவதற்குக் குறைந்தது 64 கிகாபைட் கொள்ளளவுள்ள சேமிப்பகம் தேவை. சிறிய வட்டுள்ள கணினியில் இடம் விரைவில் தீர்ந்துவிடும். இடம் தீர்ந்தால் கணினியின் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுவ இயலாது. பிள்ளை எழுதிய கட்டுரையைச் சேமிக்கவும் இயலாது. ஆகவே, துப்புரவு செய்தல் அவசியம். அதனை முறையாகச் செய்தல் அதனினும் அவசியம்.

துப்புரவுக்கு முன் செய்ய வேண்டியவை

முதலாவதாக, திறந்திருக்கும் கோப்புகள் அனைத்தையும் சேமித்து மூடுங்கள். பின்னர்க் கணினியை ஒருமுறை மீண்டும் தொடங்குங்கள்.

இரண்டாவதாக, மின்னஞ்சலோடு வந்த இணைப்பையோ, ‘ஜிப்’ எனப்படும் பொதிக் கோப்பின் உள்ளிருப்பதையோ, தனியே சேமிக்காமல் நேராகத் திறந்து அதில் எழுதியதுண்டா என்று எண்ணிப் பாருங்கள். அவ்வாறு எழுதியது பெரும்பாலும் தற்காலிக இடத்திலேயே தங்கியிருக்கும். பொதியிலிருந்து அதனை வெளியே எடுத்து, ‘டாக்குமெண்ட்ஸ்’ என்னும் கோப்புறையில் சேமித்த பின்னரே துப்புரவைத் தொடங்க வேண்டும்.

மூன்றாவதாக, முக்கிய ஆவணங்களை ஒரு விரலியில் படியெடுங்கள். படியெடுத்தவற்றைத் திறந்து, அவை சரியாக உள்ளனவா என்றும் பாருங்கள்.

துப்புரவு செய்யும் முறை

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இரண்டிலும் இதற்கான வழி அமைப்பிலேயே உண்டு. ‘செட்டிங்ஸ்’ பகுதியைத் திறந்து, ‘சிஸ்டம்’, அதனுள் ‘ஸ்டோரேஜ்’, அதனுள் ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ என வரிசையாகச் செல்லுங்கள். கணினி மலாய் மொழியில் அமைக்கப்பட்டிருந்தால் இவற்றுக்குரிய மலாய்ச் சொற்கள் அதே இடங்களில் காணப்படும்.

சற்று நேரத்தில் ஒரு பட்டியல் தோன்றும். ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே ஒரு சிறு கட்டமும், அது அடைத்துக்கொண்டுள்ள இடத்தின் அளவும் இருக்கும். எவற்றுக்கு அடையாளம் இடுகிறோமோ அவை மட்டுமே நீங்கும். எனவே அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும்.

‘டெம்பரரி ஃபைல்ஸ்’, ‘டெம்பரரி இன்டர்நெட் ஃபைல்ஸ்’, ‘டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல்ஸ்’ ஆகியவற்றை நீக்கலாம். ‘தம்ப்நெயில்ஸ்’ என்பவை புகைப்படங்களின் சிற்றுருவங்களே. அவற்றை நீக்கினால் புகைப்படங்கள் அழியமாட்டா. சிற்றுருவங்களைக் கணினி மீண்டும் உருவாக்கிக்கொள்ளும்.

கீழ்க்காணும் மூன்றில் மட்டும் மிகுந்த கவனம் தேவை:

1. ‘டவுன்லோட்ஸ்’. இது தற்காலிகக் கோப்புகளின் பட்டியலில் இடம்பெற்றிருப்பினும், உண்மையில் நீங்கள் இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகள் தங்கும் இடமாகும். சேமநிதி அறிக்கை, கல்விக் கடன் பத்திரம், பள்ளி அனுப்பிய படிவம் ஆகியன இங்கேதான் இருக்கக்கூடும். இக்கட்டத்தில் அடையாளம் இருந்தால் அதனை எடுத்துவிடுங்கள். அக்கோப்புறையைத் தனியே திறந்து, வேண்டியவற்றை வேறிடத்துக்கு மாற்றிய பின்னர், வேண்டாதவற்றை மட்டும் நீக்குங்கள்.

2. ‘ரீசைக்கிள் பின்’. நாம் அழித்த கோப்புகள் முதலில் இத்தொட்டியிலேயே விழுகின்றன. தொட்டியைக் காலி செய்யும்வரை அவை இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். அதுவரை அவற்றை மீட்கவும் இயலும். பிள்ளைகள் தவறுதலாக ஏதேனும் போட்டிருக்கிறார்களா என்று பார்த்த பின்னரே காலி செய்யுங்கள்.

3. ‘பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்’. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றதை ஒட்டிச் சிலர் விண்டோஸ் 11க்கு மாறியிருப்பர். மாறிய பின் 10 நாள்வரை பழைய அமைப்புக்குத் திரும்ப வழியுண்டு. இதனை நீக்கினால் அவ்வழி அடைபடும். புதிய அமைப்பு நன்கு இயங்குகிறது என்று உறுதி செய்த பின்னரே நீக்க வேண்டும்.

அனைத்தையும் சரிபார்த்த பின் ‘ரிமூவ் ஃபைல்ஸ்’ என்னும் பொத்தானை அழுத்துங்கள். இங்கு நீக்கப்படுபவை குப்பைத் தொட்டிக்குச் செல்வதில்லை, நேரடியாக அழிந்துவிடும். ஆகையால்தான் இத்தனை எச்சரிக்கை.

அதே ‘ஸ்டோரேஜ்’ பகுதியில் ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ என்னும் தானியங்கித் துப்புரவும் உண்டு. அதனைப் பயன்படுத்துவோர், ‘டவுன்லோட்ஸ்’ குறித்த இடத்தில் ‘நெவர்’ என்பதையே தெரிவு செய்க.

செய்யத் தகாதவை

‘விண்டோஸ்’ கோப்புறைக்குள்ளும் அதனுள் அடங்கிய ‘சிஸ்டம் 32’ கோப்புறைக்குள்ளும் நுழைந்து எதையும் கையால் அழிக்கலாகாது. கணினி இயங்காமலே போய்விடலாம்.

‘ஷிஃப்ட்’ விசையையும் ‘டிலீட்’ விசையையும் ஒருசேர அழுத்தி அழிக்கும் பழக்கம் வேண்டா. அவ்வாறு அழித்தவை தொட்டியில் தங்குவதில்லை. விரலியில் உள்ளதை அழிக்கும்போதும் பொதுவாக இதே நிலைதான்.

‘உங்கள் கணினியைத் தூய்மையாக்குகிறோம்’ என்று இணையத்தில் விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நம்பி நிறுவுதலும் கூடாது. 2017ஆம் ஆண்டில், உலகெங்கும் புகழ்பெற்றிருந்த சிசிகிளீனர் என்னும் துப்புரவு மென்பொருளின் 5.33ஆம் பதிப்பில் வஞ்சகர்கள் தீநிரலைப் புகுத்திவிட்டனர். இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அப்பதிப்பு நிறுவப்பட்டிருந்தது. புகழ்பெற்ற மென்பொருளுக்கே இக்கதி எனில், பெயர் அறியாதவற்றின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

இணைய உலாவியைத் துப்புரவு செய்யும்போது, சேமித்து வைத்த படங்களும் கோப்புகளும் என்னும் பகுதிக்கு மட்டும் அடையாளம் இடுங்கள். கடவுச்சொற்கள் என்னும் பகுதிக்கு அடையாளமிட்டால், உலாவி நினைவில் வைத்திருந்த கடவுச்சொற்கள் அனைத்தும் நீங்கிவிடும்.

கைப்பேசிக்கும் இதுவே விதி

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒவ்வொரு செயலிக்கும் ‘கிளியர் கேச்’, ‘கிளியர் டேட்டா’ என இரு பொத்தான்கள் உண்டு. இரண்டாவது, சில கைப்பேசிகளில் ‘கிளியர் ஸ்டோரேஜ்’ எனப்படும். முன்னது துண்டுத் தாளைக் களைவது. பின்னது கணக்குப் புத்தகத்தையே கிழிப்பது. வாட்ஸ்அப் செயலியில் பின்னதை அழுத்தினால், படியெடுத்து வைக்காத செய்திகள் மறைந்துவிடும்.

பயிற்சி வினாக்கள்

1. தற்காலிகக் கோப்புகள் கணினியில் தங்கிவிடுவதற்குக் காரணங்கள் யாவை?
2. ‘டவுன்லோட்ஸ்’ கட்டத்தில் அடையாளம் இடலாகாது என்பது ஏன்?
3. உங்கள் இல்லத்துக் கணினியில் உள்ள முக்கிய ஆவணங்கள் எவை? அவற்றுக்கு வேறிடத்தில் படி உண்டா?

மூன்றாம் வினாவுக்கு ‘இல்லை’ என்று விடை கூறுவோர், துப்புரவை ஒருநாள் தள்ளிவைத்து, இன்றே படியெடுக்க வேண்டுகிறோம். தட்டச்சு அறிந்த பிள்ளையைத் துணைக்கு அமர்த்திக்கொள்ளலாம். ஆயினும் எந்தத் தாள் குடும்பத்துக்குத் தேவை என்பதைப் பெற்றோரே நன்கறிவர். ஆதலின், பொத்தானை அழுத்துமுன் இருவரும் ஒன்றாக அமர்ந்து பட்டியலைப் படித்தல் நன்று. வட்டில் இழந்த இடத்தைப் பின்னர் பெற்றுக்கொள்ளலாம். இழந்த ஆவணத்தை மீண்டும் பெறுவது எளிதன்று.