கையெழுத்து வைக்க முதல்

அன்பு மகனுக்கு,

மன்னார் அரிப்பிலிருந்து பெரியப்பா எழுதுவது. நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, நித்திரை கொள்வதில்லை என்று உன் அம்மா அழுததிலிருந்து இங்கே ஒருவருக்கும் நிம்மதியில்லை.

தவணை முடிந்தும், நீ காசு போட்ட நிதிக் கம்பனி வைப்புப் பணத்தைத் தரவில்லை. இன்னும் இரண்டு வருடத்துக்குப் புதுப்பிக்கச் சொல்கிறது. கையெழுத்து வைப்பதா, வழக்குப் போடுவதா? முடிவு உன்னுடையது. ஆனாலும் இவற்றைப் பார்த்துவிட்டு முடிவெடு.

2008 டிசம்பரில் கோல்டன் கீ கம்பனி விழுந்தபோது ஏறத்தாழ 2,600 கோடி ரூபா சிக்கியது. வைப்பு வாங்க அதற்கு மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரமே இருக்கவில்லை. பணம் போட்டவர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். தி பினான்ஸ் கம்பனிக்கு அனுமதிப்பத்திரம் இருந்தது; 2020 மே 22 இல் மத்திய வங்கி அதை இரத்துச் செய்தது. அப்போது வைப்புக் காப்புறுதியில் ஒருவருக்கு ஆகக்கூடியது 6 இலட்சமாக இருந்தது. மிச்சத்துக்குக் காத்திருப்புத்தான்.

நம் கரையிலும் நடந்ததுதானே. 1906 இல் வெள்ளைக்காரக் கம்பனி ஒன்று முத்துப் பார்களை வருடம் 3,10,000 ரூபாவுக்கு 20 வருடக் குத்தகை எடுத்தது. 1907 க்குப் பிறகு அந்தக் கம்பனியின் காலத்தில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1912 இல் கம்பனியே கலைந்தது. உன் கம்பனி கேட்கும் இரண்டு வருடத்தை எதை வைத்து நம்புவது?

எழுத்து ஒப்பந்தம் மீறப்பட்டால் வழக்குப் போட ஆறு வருடம் உண்டு, வாய்ப்பேச்சுக்கு மூன்றுதான். 1871 ஆம் ஆண்டுச் சட்டம் அது. புதுத்தாளில் ஒப்பம் வைத்தால், பழைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று வாதிட அவர்களுக்கு இடம் கிடைக்கும்.

உன் அப்பாவை நினைத்துப் பார். 1990 இல் யுத்தத்துக்குத் தப்பி இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறியபோது அவன் பையில் அரிசியும் உங்கள் ஞானஸ்நானத் துண்டுகளும்தான். வைப்புத் துண்டு வீட்டோடு போயிற்று. திரும்பி வந்து வைப்புப் பணத்தைக் கேட்டால், மேசைக்கு அந்தப் பக்கம் ஒரே கேள்வி: "துண்டு எங்கே?" எதிர்த்துக் கேள் என்று பெரியப்பா எவ்வளவோ சொன்னார். "போனது போகட்டும்" என்றான். அந்தச் சொல் பெரியப்பாவுக்கு இன்றும் ஆறவில்லை.

உன்னிடம் துண்டு இருக்கிறது, மகன். சான்றிதழ், வட்டி விழுந்த வங்கிப் புத்தகம், அவர்கள் அனுப்பிய கடிதம் எல்லாவற்றையும் போட்டோக் கொப்பி எடு. மன்னாரில் சட்டத்தரணி ஒருவரைப் பிடித்துக் கோரிக்கைக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பு. காசு தட்டுப்பட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போ. மத்திய வங்கிக்கும் 1935 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடு.

கடுமையாக எழுதிவிட்டதாக நினைக்காதே. நீ எதைச் செய்தாலும் எங்கள் பிள்ளைதான். வழக்குச் செலவுக்குப் பெரியப்பா இருக்கிறார். பெரியம்மா உனக்கென்று பாரைக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறா. ஞாயிறு பூசைக்கு வா, சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் நின்று போ. மடு மாதா உனக்குத் துணை.

அன்புடன்,
பெரியப்பா