பற்சீராக்கமும் என்பு நலிவு மருந்துகளும்

பற்களுக்குக் கம்பியிட்டு நேராக்குதல் பள்ளிப் பிள்ளைகளுக்கே உரியதென ஒரு காலத்தில் எண்ணப்பட்டது. இன்றோ ஐம்பது, அறுபது வயதினரும் அச்சிகிச்சையை நாடுகின்றனர். ஒஸ்ரியோபொரோசிஸ் எனும் என்பு நலிவு நோய்க்கு மருந்துண்போரும் அவ்வயதினரிடையே பலராவர். இவ்விரண்டும் ஒருவரிடத்தே கூடுமிடத்து நிகழ்வது யாது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

பல்லானது சுவரில் அறைந்த ஆணி போன்றதன்று. வேருக்கும் தாடையென்புக்கும் இடையே ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள நாரிழையம் ஒன்றுண்டு. கம்பி பல்லை ஒரு பக்கம் தள்ளும்போது, அப்பக்கத்து என்பை அரிக்கும் கலங்கள் கரைக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் ஆக்கும் கலங்கள் புதிய என்பை இடுகின்றன. சுவீடன் நாட்டவரான கார்ள் சான்ட்ஸ்ரெட் 1904ஆம் ஆண்டளவில் நாய்களின் பற்களை நகர்த்தி, நுணுக்குக்காட்டியினால் இம்மாற்றங்களை ஆராய்ந்து வெளியிட்டார். இவ்வாறு பல் மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் நகரும். எனவே, கம்பி தள்ளினாலும் என்பு வழிவிட்டாலன்றிப் பல் நகராது என்பது தெளிவு.

இனி நோயை நோக்குவாம். முதுமையில், சிறப்பாக மாதவிடாய் நின்ற பெண்களிடத்து, என்பின் அரிப்பு ஆக்கத்தை மிஞ்சுகின்றது. அதனால் முள்ளந்தண்டு, இடுப்பு, மணிக்கட்டு ஆகியவற்றின் என்புகள் சிறு வீழ்ச்சியிலும் முறிகின்றன. இதனைத் தடுக்கும் மருந்துகளுட் பெரிதும் வழங்குவன பிஸ்பொஸ்பொனேற் வகையின. 1995இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதி பெற்ற அலென்ட்ரோனேற் குளிசையும், ஆண்டுக்கொரு முறை நாளத்தில் ஏற்றப்படும் சொலெட்ரோனிக் அமிலமும் இவ்வகையைச் சார்ந்தன. இவை என்பிற் படிந்து, அரிக்கும் கலங்களின் தொழிலை அடக்குகின்றன.

ஈண்டே முரண்பாடு தோன்றுகின்றது. முள்ளந்தண்டைக் காக்கும் அவ்வடக்கமே பல்லின் வழியை அடைக்கின்றது. ஓர் உதாரணம் கொள்வாம். அறுபது வயதுப் பெண்ணொருவர் ஐந்தாண்டுகளாகக் குளிசை உண்டு வருகின்றார். நெருங்கிய பற்களுக்கு இடந்தேட, முன்கடைவாய்ப் பல்லொன்று பிடுங்கப்படுகின்றது. ஏனையோரில் ஓராண்டினுள் மூடக்கூடிய ஏழு மில்லிமீற்றர் இடைவெளி, இவரில் நெடுநாளாகியும் மூடாது நிற்றல் கூடும். அன்றியும், பல் பிடுங்கிய இடத்தில் தாடையென்பு ஆறாது இறந்துபோதலும் உண்டு. இத்தீங்கு 2003இல் முதன்முதலாக மருத்துவ உலகிற்கு அறிவிக்கப்பட்டது. புற்றுநோய்க்காகப் பேரளவு மருந்து பெறுவோரிலேயே இது பெரிதும் காணப்படுகின்றது. என்பு நலிவுக்கு உண்போரில் அரிது. அரிதெனினும் புறக்கணிக்கத் தக்கதன்று.

அவ்வாறாயின், மருந்தைச் சில காலம் நிறுத்திவிட்டுக் கம்பியிடலாமே எனச் சிலர் வினவுவர். அது பிழையான எண்ணமாகும். அலென்ட்ரோனேற் என்பினுள் ஆண்டுக்கணக்காகத் தங்குவதாதலின், சின்னாள் நிறுத்துவதாற் பயன் சிறிது. 2010இல் அனுமதி பெற்ற டெனோசுமாப் ஊசிமருந்தோ ஆறு மாதத்துக்கொரு முறை இடப்படுவது, என்பிற் படியாதது. அதனை நிறுத்தினால் என்பரிப்பு முன்னையிலும் விரைந்து பெருகி, முள்ளந்தண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகள் நேர்தல் கூடும். நேரிய பல்லுக்காக முதுகெலும்பை இழத்தல் அறிவுடைமையாகாது.

ஆகவே செய்யத்தக்கன சில. கம்பியிடுமுன் உண்ணும் மருந்தின் பெயர், உண்ட காலம், ஊசியெனின் இறுதியாக இட்ட நாள் ஆகியவற்றைப் பல் வைத்தியரிடம் மறையாது கூறுதல் வேண்டும். பல்லுக்கும் மருந்துக்கும் தொடர்பில்லையெனக் கருதியே பலர் இதனைக் கூறாது விடுகின்றனர். பல் வைத்தியரும் மருந்தளித்த வைத்தியரும் கலந்து முடிவு செய்தல் நன்று. மருந்து இனிமேற்றான் தொடங்கவிருப்பின், பல் பிடுங்கும் வேலையை முன்னரே முடித்துக்கொள்ளலாம். ஏற்கனவே உண்போர்க்குப் பல் பிடுங்காமலும், மெல்விசை கொண்டும், கூடிய காலமெடுத்தும், சிறிய மாற்றங்களையே நாடுதல் தகும். சிலர்க்குக் கம்பியிடாது விடுதலே நன்றாகும்.

பல் போனாற் சொல் போச்சு என்பர் நம் முன்னோர். பல்லைப் பேணப் புகுவோர் அதனைத் தாங்கும் என்பையும் எண்ணுவாராக.