உள்ளே வருவதா, வெளியே போவதா? பயர்வால் திசை அறிவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றுவிட்டீர்களா? அப்படியானால் பயர்வால் பற்றி அவசியம் தெரிந்து கொள்ள வேண்டும். இணைப்பின் வழியே போகும், வரும் தகவல்களைச் சோதித்து, சிலவற்றை அனுமதித்து, சிலவற்றைத் தடுக்கும் புரோகிராம் இது. இந்த முடிவை எடுக்க, தகவல் செல்லும் திசையை அது பார்க்கிறது. உள்ளே வருவது இன்பவுண்ட். வெளியே செல்வது அவுட்பவுண்ட்.

யார் முதலில் அழைத்தது?

உள்ளே வருவதைப் பயர்வால் தடுக்கிறது என்றால், இணைய தளங்கள் மட்டும் எப்படித் திரைக்கு வருகின்றன என்ற சந்தேகம் எழலாம். நண்பருக்கு நீங்கள் போன் செய்தால் அவர் பேசுவதும் உங்கள் காதில் விழும். ஆனால் அழைத்தது நீங்கள்தான். பயர்வாலும் இப்படித்தான் கணக்கிடுகிறது. உங்கள் பிரவுசர் ஒரு தளத்தைக் கேட்டவுடன், அந்த முகவரியையும் போர்ட் எண்ணையும் குறித்துக் கொள்கிறது. அதற்கான பதில் வந்தால் விட்டுவிடும். நீங்கள் கேட்காமல் வெளியிலிருந்து தொடங்கப்படும் இணைப்பைத்தான் தடுக்கும்.

2003 ஆகஸ்ட்டில் பரவிய பிளாஸ்டர் என்ற வோர்ம் இதற்கு நல்ல உதாரணம். பாதிக்கப்பட்டவர்கள் எந்த மெயிலையும் திறக்கவில்லை. எதையும் கிளிக் செய்யவில்லை. பேட்ச் பைல் பதியாத கம்ப்யூட்டர் இன்டர்நெட்டில் இணைந்திருந்தாலே, 135 ஆம் எண் போர்ட் வழியே அது நுழைந்தது. எக்ஸ்பியில் அப்போதே பயர்வால் இருந்தது. ஆனால் தானாக இயங்கும்படி அமைக்கப்படவில்லை. 2004 ஆகஸ்ட்டில் வந்த சர்வீஸ் பேக் 2 இதை மாற்றியது. வெளியே செல்வதைத் தடுக்கும் வசதி விஸ்டாவில்தான் சேர்க்கப்பட்டது.

விண்டோஸில் அமைக்க

விண்டோஸ் 10, 11 இரண்டிலும், அனுமதி இல்லாமல் உள்ளே வருவது தடுக்கப்படும். வெளியே செல்வது அனுமதிக்கப்படும். எனவே கெட்ட புரோகிராம் ஒன்று எப்படியோ உள்ளே வந்துவிட்டால், அது உங்கள் தகவல்களை வெளியே அனுப்புவதைப் பயர்வால் தானாகத் தடுக்காது.

ஒரு குறிப்பிட்ட புரோகிராம் இன்டர்நெட்டுக்குச் செல்லக் கூடாது எனில் கீழ்க்கண்டபடி செய்திடுங்கள்.

1. ஸ்டார்ட் மெனுவில் பயர்வால் என ஆங்கிலத்தில் டைப் செய்து, அட்வான்ஸ்டு செக்யூரிட்டி என முடியும் வரியில் கிளிக் செய்திடவும்.

2. இடது பக்கம் அவுட்பவுண்ட் ரூல்ஸ் தேர்ந்தெடுத்து, வலது பக்கம் நியூ ரூல் கிளிக் செய்திடவும்.

3. புரோகிராம் என்பதைத் தேர்ந்தெடுத்து, பிரவுஸ் மூலம் அந்தப் புரோகிராமின் பைலைக் காட்டவும்.

4. பிளாக் த கனெக்ஷன் தேர்ந்தெடுத்து, ஒரு பெயர் கொடுத்து பினிஷ் அழுத்தவும்.

தடையை நீக்க, அந்தப் பெயரில் ரைட் கிளிக் செய்து டிஸேபிள் ரூல் கொடுத்தால் போதும்.

பிரிட்ஜில் திசை

சிலர் இரண்டு நெட்வொர்க் கார்டு பொருத்திய பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் பதிந்து, அதை ரூட்டருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் நடுவே பிரிட்ஜ் ஆக வைப்பதுண்டு. தனக்கென ஐபி முகவரி இல்லாமலேயே இது பயர்வாலாக இயங்கும். இங்கே ஒரு சிக்கல். பிரிட்ஜைக் கடக்கும் ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு கார்டில் நுழைந்து, மற்றதில் வெளியேறுகிறது. அதனால் உள்ளே, வெளியே என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தக் கார்டில் நுழைந்தது என்று குறிப்பிட வேண்டும். லினக்ஸின் ஐபிடேபிள்ஸில் இதற்கென பிஸ்டெவ் என்ற பிரிவு உண்டு.

ரூட்டர் பக்கக் கார்டில் நுழையும் அனைத்தையும் தடுத்தால், நீங்கள் கேட்ட பதில்களும் நின்றுவிடும். எந்தத் தளமும் திறக்காது. எனவே ஏற்கனவே தொடங்கிய இணைப்புகளை அனுமதிக்கும் விதி முதலில் வர வேண்டும். அந்தக் கார்டில் நுழையும் புதிய இணைப்புகளைத் தடுக்கும் விதி அதன் பின்னரே வர வேண்டும்.

ஒரு புரோகிராமை முதன்முறை இயக்கும்போது, அதை அனுமதிக்கலாமா எனப் பயர்வால் கேட்டால் அவசரப்பட்டு அலவ் அழுத்த வேண்டாம். வெளியிலிருந்து இணைப்பு வர நீங்கள் தரும் அனுமதி அது. ரயில் நிலையம் போன்ற பொது இடத்து வை-பியில் இருந்தால், பப்ளிக் நெட்வொர்க் என்ற கட்டத்தில் டிக் அடையாளம் இல்லாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.