சர்வரின் கடிகாரம்

அன்புத் தம்பிக்கு,

முதல்முறையாக ஒரு உபுண்டு சர்வரைத் தனியாகப் பார்த்துக்கொள்ளப் போகிறாய் என்று அறிந்ததில் மகிழ்ச்சி. “ஆட்டோ அப்டேட்டை ஆஃப் பண்ணிடவா அண்ணா?” என்று கேட்டிருந்தாய். பண்ணாதே. எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்பதை மட்டும் நீ முடிவு செய்.

நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு கடையின் பில்லிங் சர்வர் என் பொறுப்பில் இருந்தது. ஒரு நாள் காலை பதினொன்றே முக்காலுக்கு, கவுண்டரில் கூட்டம் நெரியும்போது பில் நின்றுவிட்டது. டேட்டாபேஸ் தானாக அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆகியிருந்தது. உபுண்டுவின் அப்கிரேட் டைமர் காலை 6 மணிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள் ஓடும். அந்த 6 மணி, சர்வரின் கடிகாரப்படி. அது யுடிசியில் இருந்தது, நமக்கு 11:30. பயந்துபோய் அப்டேட்டையே நிறுத்தினேன். அதுதான் பெரிய தப்பு. மாதக்கணக்கில் ஓட்டைகளோடு ஓடியது அந்த சர்வர்.

ஆகவே முதலில் நேர மண்டலத்தைப் பார். பிறகு ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ கொடுத்து அந்த டைமரைத் திற. ‘ஆன்கேலண்டர்’ என்று எழுதி, சமக்குறிக்குப் பின் எதுவும் போடாமல் ஒரு வரி. அதன் கீழே உன் நேரத்தோடு இன்னொரு வரி. அந்தக் காலி வரியை விட்டுவிட்டால் பழைய நேரமும் அப்படியே இருக்கும், பகலிலும் ஓடும். யுடிசியில் 21:00 என்றால் நமக்கு ராத்திரி இரண்டரை. செக்யூரிட்டி திருத்தங்கள் தானாக ஏறட்டும். டேட்டாபேஸை மட்டும் விலக்கி வைத்து, கடை மூடியபின் நீயே கையால் ஏற்று. விலக்கி வைத்ததை மறந்துவிடாதே.

ஏறியதோடு வேலை முடிந்தது என்றும் நினைக்காதே. 2014 ஏப்ரல் 7 அன்று, ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளில் இருந்த ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியே தெரிந்தது. அன்றே டெபியனும் உபுண்டுவும் திருத்தம் கொடுத்தன. ஆனால் ரீஸ்டார்ட் ஆகாத வெப் சர்வர்கள், மெமரியில் இருந்த பழைய ஓபன்எஸ்எஸ்எல்லை வைத்தே ஓடின. டிஸ்க்கில் புதுசு, ஓட்டத்தில் பழசு. கெர்னலும் அப்படித்தான், ரீபூட் ஆகும்வரை பழையதுதான். தானாக ரீபூட் ஆகும் வசதி முதலில் அணைந்தே இருக்கும். ரீபூட் தேவை என்றால் ‘ரீபூட்-ரெக்வயர்ட்’ என்ற ஃபைல் ரன் டைரக்டரியில் வந்து உட்காரும். அதைத் தினமும் தேடு.

இன்றிரவு நேரத்தை மாற்றிவிட்டுத் தூங்கு. காலையில் முதல் வேலையாக, அப்டேட்டைத் தானாக ஏற்றும் ‘அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்’ லாக்கைத் திறந்து, கடைசி வரியை எனக்கு அனுப்பு. சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
உன் அண்ணன்